யூனிட் குறைவுக்கான காரணம்

அம்பத்தூர் எஸ்டேட், மருந்துக் கிடங்கின் தகரக் கூரை.
முந்நூற்றுப் பன்னிரண்டு சோலார் பலகைகள்.
வெயில் ஏறுமுன் கழுவி முடிக்க வேண்டும்.
சூடேறிய கண்ணாடியில் பச்சைத்தண்ணீர் பட்டு
விரிசல் விட்டால் என் கூலியில் பிடிப்பார்கள்.

தூசியை எனக்கு நிறத்தில் தெரியும்.
போகி முடிந்த காலை, டயர் கரி
விரலில் மையாக ஒட்டும்.
எண்ணூர்ச் சாம்பல் திருநீறு மாதிரி,
ஒரே துடைப்பில் போய்விடும்.
மெட்ரோ தோண்டும் மண் கரகரவென்று
கண்ணாடியைக் கீறும்.
ஆனியில் மட்டும் ஒன்று வரும்.
வெளிர் காவி, கேழ்வரகு மாவைவிட நைஸ்.
வந்ததே தெரியாது.
வானம்தான் விடிந்ததிலிருந்து
விளக்காத எவர்சில்வர் தட்டாக இருக்கும்.

போன ஆனியில் பர்வீன் வந்தாள்.
சூரியனை உற்றுப் பார்க்கும் ஒரு குழாய்,
காற்றை உறிஞ்சும் ஒரு பெட்டி,
அதற்குள் அப்பளம் அளவில் வெள்ளைத் தாள்.
"ஒரு மாசம் இங்க இருக்கட்டும்க்கா.
தண்ணி மட்டும் படாம பாத்துக்குங்க."
தினம் தாளை மாற்றி, டப்பாவில் அடைத்து,
தேதி எழுதுவது என் வேலையாயிற்று.
சம்பளத்தில் சேராத வேலை.
பிடித்திருந்தது.

அந்த வாரம் குணசீலன் குரல் அனுப்பினான்
புரைதாவிலிருந்து, துணி கட்டிய வாயோடு:
"புழுதிக்காத்து. பகலே ராத்திரி.
கிரேனை நிறுத்திட்டாங்க, ரெண்டு நாள் கூலி போச்சு.
பல்லு நடுவுல எல்லாம் மண்ணு."

ஆறாம் நாள் தாள் காவியாக வந்தது,
பால் கூடிப்போன டீ மாதிரி.

பர்வீன் போனில் படம் காட்டினாள்:
அரபிக்கடல் மேல் நீளமாக ஒரு பழுப்பு,
உலர்த்தப் போட்டு மறந்த வேட்டி.
"இதோட வாலுதான் உங்க பலகை மேல."
புரைதாவா?
"அந்தப் பக்கம். ஊர் பேர் சொல்ல முடியாதுக்கா."

வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுமாம்,
கீழே தரை அந்த அளவு ஆறும்.
கொஞ்சத்தைத் தானே குடிக்குமாம்,
மேலே காற்று அந்த அளவு காயும்.
காய்ந்த காற்று எழும்ப எழும்பக்
கடலின் ஈரம் உள்ளே வரும்.
ஒரு வாரத்தில் எங்கேயாவது மழை கூடும்.
எங்கே?
"நடு இந்தியாவுல. நம்ம ஊருக்கு அடிச்சுச் சொல்ல மாட்டேன்."
அப்போ நம்ம புகை?
"அதுல சிலது நிழல் மாதிரி, சூட்ட மறைச்சு வெச்சிருக்கு.
தொடைச்சா அது வெளிய வரும்."
துடைக்க வேண்டாமா?
"தொடைக்கணும். நெஞ்சுக்குள்ள போறதும் அதுதானே."
என் கையில் வைப்பர் இருந்தது.
சொட்டிக்கொண்டிருந்தது.

மாதக் கடைசியில் லோகு படிவத்தோடு வந்தான்.
யூனிட் குறைவுக்கான காரணம்:
பறவை எச்சம். மர நிழல். கழுவவில்லை.
மூன்றே கட்டம்.
காற்று என்றேன்.
கட்டம் இல்லை என்றான்.
மூன்றாவதில் டிக் போட்டு
அரை நாள் கூலியைப் பிடித்தான்.
அங்கே இரண்டு, இங்கே அரை.
இரவு குணசீலனிடம் கணக்குச் சொன்னேன்.
சிரித்தான், உடனே இருமினான்.

மறுநாள் ஐந்து மணிக்கு
ஆவடிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
கீழே எல்லாரும் பைக் சீட்டை மூட ஓடினார்கள்.
நான் ஏணியில் ஏறினேன்.
பெரிய பெரிய துளிகள், தகரம் அதிர.
முந்நூற்றுப் பன்னிரண்டும் தாமே கழுவிக்கொண்டன,
கீழ் ஓரத்தில் காவிக் கோடு வடிய.
பெட்டியின் மேல் சிமெண்டுச் சாக்கைப் பிடித்து,
சாக்கின் மேல் கவிழ்ந்து,
முதுகெல்லாம் தண்ணீராக நின்றேன்,
உள்ளே தாளும்
அதிலிருந்த தூசியும்
நனையாதபடி.